மாட்டின் ஏப்பமும் புளியங்கொட்டைத் தோலும்

எந்த மாநிலத்தில் குடியேறினாலும் நம் வீட்டுச் சமையல் புளியின்றி நடவாது. அப்புளியின் கொட்டைத் தோல் மாட்டுத் தீவனத்திற்கும் உதவும் என்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இவ்வாராய்ச்சி நடந்த இடம் பெங்களூர் ஆடுகோடி. அங்கே 1995-இல் தொடங்கப்பெற்ற தேசியக் கால்நடை ஊட்டச்சத்து, உடலியக்கவியல் நிறுவனம். காந்தியடிகள் 1927-இல் மாடு வளர்ப்பைப் பற்றிக் கற்றறியச் சென்ற பால்பண்ணை நிலையமும் அதே ஆடுகோடியில்தான் இருந்தது.

மாடு தின்ற வைக்கோல் நேரே செரித்துவிடுவதில்லை. வயிற்றின் நான்கு அறைகளுள் முதலாவதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்க வைக்கின்றன. அப்போது எழும் ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து, வேறொரு வகை நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. அது ஏப்பமாக வெளியேறும். வெளியேறாவிடில் வயிறு உப்பி மாடு மாண்டும் போகலாம். ஆகவே ஏப்பத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், தீவனத்தின் தன்மைக்கேற்ப அதன் ஆற்றலில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை இவ்வாறு காற்றோடு போய்விடுகிறது. தசையாகவோ பாலாகவோ ஏரிழுக்கும் வலிமையாகவோ மாறியிருக்கக்கூடிய ஆற்றல் அது!

மேனாடுகளில் இறைச்சி மாடுகளின் தீவனத்தில் மோனென்சின் என்னும் மருந்தைக் கலந்தனர். குறைந்த தீனியில் எடை கூடிற்று. ஆனால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்னும் அச்சத்தால், வளர்ச்சிக்காக இத்தகைய மருந்துகளைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் தடுத்துவிட்டது.

புளியங்கொட்டைப் பருப்பிலிருந்து நெசவு நூலுக்குக் கஞ்சிமாவு எடுத்தபின் தோல் கழிவாக நின்றுவிடும். அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்னும் பொருள் மீத்தேன் உண்டாவதைக் குறைக்கிறது. இத்தோலைக் கொண்டு 'டாமரின் பிளஸ்' என்னும் கலவையைப் பெங்களூர் நிறுவனத்தார் உருவாக்கினர். டானின் செறிந்த தாவரங்களாலான 'ஹரித் தாரா' என்னும் அவர்களது மற்றொரு கலவை, மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு குறைப்பதாக 2021-இல் அறிவிக்கப்பெற்றது.

இங்கே அளவுதான் முக்கியம். டானின் மிகுந்தால் தீவனத்திலுள்ள புரதத்தையும் பிணைத்துக்கொள்ளும். மாடு தீனியைக் குறைத்துவிடும். மூன்று மாதத்திற்குட்பட்ட கன்றுக்கு அசைபோடும் வயிறே முதிராமையால் கொடுத்துப் பயனில்லை. மீத்தேன் குறைந்த அளவுக்கு எடை கூடியே தீரும் என்று கணக்கிடுவதும் தவறு. வெறும் வைக்கோலைத் தின்று மெலிந்த மாட்டுக்கு முதலில் வேண்டுவன பசுந்தீவனமும் பிண்ணாக்கும் தாது உப்புமே.

ஊரில் மாடு வைத்திருக்கும் உறவினருக்கு இதைப் பற்றி எழுதும் நேயர்கள், வீட்டுப் புளியங்கொட்டைத் தோலை இடித்து அப்படியே தொட்டியில் கொட்டிவிட வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுவார்களாக. பலன் தந்தது அளவறிந்து சேர்த்த கலவை.