பூட்டிய கைத்தொலைபேசிக்குள் ஒரு மகனின் படம்

எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதி அது. கிளிநொச்சியில் நான் பணிபுரிந்த அலுவலகத்துக்கு அறுபது வயதைத் தாண்டிய ஒரு தாய் வந்தார். பஸ் இல்லாதபடியால் பாதி வழி நடை, மீதி வழி அயல்வீட்டுப் பெடியனின் சைக்கிள். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் துவாயால் சுற்றிய ஒரு தொடுதிரைக் கைத்தொலைபேசி. அதை மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, இதை எப்பிடியும் திறந்து தாங்கோ. உள்ளுக்கை என்ரை மகன் இருக்கிறான்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. தண்ணீர் கொடுத்து இருத்திக் கதைத்தபோதுதான் தெரிந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு மகனைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. இடம்பெயர்ந்த வழியில் வீட்டு அல்பங்கள் எல்லாம் ஒரு பதுங்கு குழியோடு போய்விட்டன. எஞ்சியது சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் அடையாள அட்டைக்காக எடுத்த ஒரேயொரு படம். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் உறவுகளைத் தேடும் தாய்மாரின் தொடர் போராட்டம் ஆரம்பித்தபோது, அந்தப் படத்தோடுதான் இவரும் கொட்டிலில் இருந்தார். வெயிலும் பனியும் பட்டு முகம் மங்கத் தொடங்கவே, கணவர் அதைத் தனது கைத்தொலைபேசியால் படம் பிடித்து வைத்தார். பிறகு அசல் படம் ஏதோ ஒரு விண்ணப்பக் கோவையோடு ஓர் அலுவலகத்துக்குப் போனது. திரும்பி வரவேயில்லை. 2021 இல் கணவரும் கொரோனாவில் காலமானார். கைத்தொலைபேசியின் பின் இலக்கம் அவரோடு போய்விட்டது.

"இவ்வளவு மாதமும் அது பூட்டியிருக்கிறது தெரியாதோ அம்மா?" என்று கேட்டேன்.

"கோல் வந்தால் பச்சையை இழுப்பன், கதைப்பன். அதுக்கு நம்பர் கேக்காதே பிள்ளை" என்றார்.

உண்மைதான். பூட்டியிருக்கும் கைத்தொலைபேசியிலும் வரும் அழைப்பை எடுக்கலாம். எமது தாய்மார் பலருக்குக் கைத்தொலைபேசி என்பது வருகின்ற குரலைக் கேட்பதற்கான ஒரு பொருள் மட்டுமே. அதற்குள் என்ன இருக்கிறது, அதன் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் கணவனின் அல்லது மகனின் விடயம்.

என்னிடம் வருவதற்கு முன் அவர் ரவுணில் ஒரு கடைக்குப் போயிருந்தார். "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் திறக்கலாம் அம்மா" என்றிருக்கிறார் கடைப் பெடியன். தாய் அதைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் செய்த மிகச் சரியான காரியம் அது. அந்தப் பெடியனும் நேர்மையானவன் என்றே சொல்ல வேண்டும். அழிப்பதைச் சொல்லாமல் பொத்தான்களை அமத்திப் பிடித்து, ஐந்து நிமிடத்தில் "திறந்தாச்சு" என்று வெறும் போனைத் தந்து காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். "ரீசெற்", "போமற்" என்ற சொற்கள் காதில் விழுந்தால் உடனே கையை நீட்டிப் போனை வாங்கிவிடுங்கள். அழித்த பின் உள் நினைவகத்தில் இருந்த படங்களைத் திரும்ப எடுக்க வழியில்லை.

பூட்டை உடைக்க ஏன் முடியாது என்று பலர் கேட்கிறார்கள். அண்மைய ஆண்டுகளில் வந்த கைத்தொலைபேசிகள் படங்களை உள்ளபடியே வைப்பதில்லை. அவற்றைக் குழப்பி, மறைகுறியாக மாற்றி வைக்கின்றன. சரியான பின் இலக்கம் கொடுத்தால்தான் அவை மறுபடி படமாகும். உள்ளிருக்கும் சிப்பைக் கழற்றி எடுத்தாலும் வெறும் குப்பைதான் மிஞ்சும். அமெரிக்காவின் சான் பெர்னாடினோ நகரில் 2015 டிசம்பரில் நடந்த தாக்குதலின் பின், சந்தேகநபரின் ஐபோனைத் திறக்க எஃப்.பி.ஐ. நீதிமன்றம் வரை போனது. அதைத் திறப்பதற்கான மென்பொருளைச் செய்து தர அப்பிள் நிறுவனம் மறுத்தது. கடைசியில் வேறொரு தரப்பைப் பிடித்துத்தான் திறந்தார்கள். ஒரு வல்லரசுக்கே அந்தப் பாடு என்றால், சந்திக் கடையில் இரண்டாயிரம் ரூபாவுக்குப் படம் அழியாமல் திறந்து தருவதாகச் சொல்வதை நம்புவது எப்படி? திரை உடைந்து தொட்டாலும் வேலை செய்யாமல் இருப்பது வேறு விடயம். இலக்கம் தெரியுமென்றால் திரையை மாற்றிப் போட்டு வழமைபோலத் திறக்கலாம்.

ஆகவே பூட்டோடு மல்லுக்கட்டுவதை விட்டு, அந்தப் படம் வேறு எங்கெல்லாம் போயிருக்கக்கூடும் என்று தேடுவதே வழி. நானும் அந்தத் தாயும் அன்று பின்னேரம் அதைத்தான் செய்தோம்.

முதலில் மெமரி காட். கைத்தொலைபேசியின் பக்கவாட்டில் இருந்த தட்டை ஊசியால் தள்ளி எடுத்தோம். சிறிய காட் ஒன்று இருந்தது. எமது கணினியில் போட்டபோது படங்கள் வந்தன. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனது, ஆட்டுக்குட்டிகள், மகளின் கலியாணம், கணவர் நெல் உலர்த்தும் இடத்தில் நிற்பது. தாய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகனின் படம் இல்லை. காட் வாங்குவதற்கு முன்னர் எடுத்தது போனின் உள்ளேயே தங்கியிருக்க வேண்டும். (சில போன்களில் காட்டையும் உள் நினைவகம்போலச் சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். அப்படியானால் வெளியே போட்டாலும் வாசிக்காது.) சிம்மில் படம் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அதில் படம் இருப்பதில்லை, சில தொலைபேசி இலக்கங்களும் குறுஞ்செய்திகளும் மட்டுமே இருக்கும். ஆனால் சிம் வேறொரு விதத்தில் மிகவும் பெறுமதியானது.

அன்ட்ரொயிட் போன் எதுவாயினும் அதற்குள் பெரும்பாலும் ஒரு கூகுள் கணக்கு இருக்கும். படங்களைப் பிரதியெடுக்கும் வசதி போட்டிருந்தால், அவை அந்தக் கணக்கிலும் இருக்கும். வேறொரு போனிலிருந்து அதே கணக்குக்குள் போய்ப் பார்க்கலாம். கடவுச்சொல் மறந்தாலும், கணக்கோடு பதிந்த தொலைபேசி இலக்கத்துக்குக் கூகுள் ஒரு குறியீட்டை அனுப்பும். சிம்மைக் கழற்றிச் சாதாரண பட்டன் போனில் போட்டால் அந்தக் குறியீட்டை வாசிக்கலாம். சிம்மை எறியவேண்டாம், ரீலோட் செய்யாமல் விடவேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நீண்டகாலம் பாவிக்காத இலக்கம் துண்டிக்கப்பட்டு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

இந்தத் தாயின் விடயத்தில் சிம் இருந்தது. ஆனால் கணக்கு எந்தப் பெயரில் என்று யாருக்கும் தெரியாது. போன் வாங்கிய அன்றே கடையில் ஏதோ ஒரு மின்னஞ்சலைத் தட்டிக் கொடுத்துவிட்டார்கள். கூகுளிடம் கணவரின் பெயரையும் இலக்கத்தையும் கொடுத்துத் தேடினோம். அப்படி ஒரு கணக்கு இல்லை என்றது. கடைக்காரரைக் கேட்கலாம் என்றால் அந்தக் கடையே இப்போது இல்லை.

சமூகவியல் படித்தவள் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. காணி உறுதி ஆணின் பெயரில், சிம் ஆணின் பெயரில், மின்னஞ்சல் கடைக்காரர் நினைத்த பெயரில். குடும்பத்தின் சுமை முழுவதையும் தூக்கும் பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை. உறுதி இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்த பெண்களே இன்று கடவுச்சொல் இல்லாமல் அலைகிறார்கள்.

கடைசியாகத்தான், அந்தப் படம் யாருக்காவது அனுப்பப்பட்டதா என்று கேட்டேன். தாய் கனநேரம் யோசித்தார். பிறகு, கணவரின் தங்கையின் மகள் கனடாவில் இருப்பதாகவும், ஒருமுறை அவளுக்கு வட்ஸ்அப்பில் போட்டதாக ஞாபகம் என்றும் சொன்னார். செய்தி அனுப்பினோம். இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளை தனது பழைய போனில் தேடி எடுத்து அனுப்பியது. வட்ஸ்அப் படங்களைச் சுருக்கி அனுப்புவதால் அசலின் தெளிவு அதில் இல்லை. மீண்டும் சுருங்காமல் இருக்க, அதையே கோப்பாக அனுப்பச் சொன்னோம். ஸ்ரூடியோவில் நான்கு பிரதி எடுத்து லமினேட் செய்தோம். ஒன்று தாயிடம், ஒன்று மகளிடம், ஒன்று மன்னாரில் சகோதரனிடம், ஒன்று எங்கள் கோவையில். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரே நாளில் இழந்த சனம் நாங்கள். இதை எமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இறந்தவரின் கணக்கு எதுவெனத் தெரிந்திருந்தால் இன்னொரு வழியும் இருந்திருக்கும். கூகுளுக்கு மரண அத்தாட்சிப் பத்திரத்தோடு உறவினர் விண்ணப்பிக்கலாம். பத்திரம் தமிழில் என்றால் உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். கடவுச்சொல்லைத் தரமாட்டார்கள். சில சந்தர்ப்பங்களில் உள்ளிருப்பவற்றைத் தருவார்கள். ஆனால் தாமதிக்கக் கூடாது. இரண்டு வருடம் பாவிக்கப்படாத கணக்குகளை அழிக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. ஐபோன் வைத்திருப்பவர்கள், தமக்குப் பின் தமது அப்பிள் கணக்கில் உள்ளவற்றை யார் பார்க்கலாம் என ஒருவரை முன்கூட்டியே நியமிக்கலாம். இந்த வசதி 2021 டிசம்பரிலிருந்து உண்டு.

உங்கள் போன் விரல் அடையாளத்தால் திறக்கிறது, இலக்கம் மட்டும் மறந்துவிட்டது என்றால், அதை நிற்பாட்டவோ பற்றரி இறங்கவோ விடாதீர்கள். நிற்பாட்டிப் போட்டால் இலக்கம்தான் கேட்கும். விரலால் திறந்த அந்த நேரத்திலேயே படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கடைக்குக் கொடுக்க நேர்ந்தால் பக்கத்தில் இருந்தே செய்வியுங்கள். மெமரி காட்டையும் சிம்மையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போனை மட்டும் கொடுங்கள். தனியே வாழும் பெண்களின் படங்களைக் கடையில் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு பயமுறுத்திய சம்பவங்களுக்கு நான் கண்கண்ட சாட்சி. அப்படி நடந்தால் அழுதுகொண்டு வீட்டில் இருக்கத் தேவையில்லை. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது.

இன்றைக்கே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் போனில் இருக்கும் மின்னஞ்சல் முகவரி என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டு, கடவுச்சொல்லை நீங்களே மாற்றி, பின் இலக்கத்தோடு சேர்த்துக் குடும்ப அட்டை வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள். "எழுதி வைக்கக் கூடாது" என்று படித்தவர்கள் சொல்வார்கள். வங்கி அட்டைக்கு அது சரி. போனுக்கோ, பூட்டிய அலுமாரியில் ஒரு துண்டு இருப்பதே மேல் என்பது எனது அபிப்பிராயம்.

அந்தத் தாய் போனை எறியவில்லை. கணவரின் குரற்பதிவுகள் அதற்குள் இருப்பதாக நம்புகிறார். கணவர் போடக்கூடிய இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி, போட்டுப் பார்த்ததை வெட்டிவிடும்படி சொல்லியிருந்தேன். பிழையாகப் போடப்போட அது காத்திருக்கும் நேரத்தைக் கூட்டும் என்பதால் அவசரப்படுவதில்லை. மகன் பிறந்த வருடம், கலியாண நாள், அடையாள அட்டையின் கடைசி இலக்கங்கள் எல்லாம் போய்விட்டன.

போன மாதம் கோல் எடுத்தார். "பிள்ளை, அவர் முந்தி வைச்சிருந்த லான்ட்மாஸ்ரர் நம்பர் ஞாபகம் வந்தது. போட்டுப் பாத்தன். இல்லை."

"கொப்பியில எழுதினீங்களோ அம்மா?"

"ஓம். பன்ரண்டாவதாய் எழுதி வெட்டிப்போட்டன்" என்றார்.