சோறும் எண்ணெயும் சேர்ப்பவர்களுக்கு ஒரு படா கானா

டிசம்பர் 8-ஆம் தேதி, இந்திய ராணுவத்தின் ஏ.எஸ்.சி. பிரிவுகள் தங்கியிருக்கும் முகாம்களில் பெருவிருந்து நடக்கும். படைவீரர்கள் அதைப் 'படா கானா' என்பார்கள். ஆர்மி சர்வீஸ் கோர் என்ற வழங்கல் படை 1760-ல் தோன்றியதாகக் கொண்டாடப்படும் நாள் அது. ஜவான்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதிகாரிகள் கரண்டி பிடித்துப் பரிமாறுவார்கள். நேற்று வரை சல்யூட் வாங்கிய கர்னல், கறிக்குழம்பு வாளியோடு வந்து ஒரு லாரி டிரைவரிடம் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்பார். இந்தப் பந்தி மற்றப் படைகளிலும் உண்டுதான். ஆனால் ஆண்டு முழுவதும் அடுத்தவர் தட்டில் சோறு விழுவதற்காக உழைக்கிறவர்களுக்கு அது நடக்கும்போது அதன் கனம் வேறு.

இவர்கள் செய்யும் வேலை என்ன? அரிசி, மாவு, பருப்பு, காய்கறி, இறைச்சி, பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றை வாங்குவது, சேமிப்பது, கடைசிக் காவல் சாவடி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது. லாரிப் படையும் கோவேறு கழுதைப் படையும் இவர்களுடையவை. விமானத்திலிருந்து பாராசூட் கட்டிச் சரக்கு இறக்குவதும் இவர்கள் பொறுப்பே. துப்பாக்கி, குண்டு, உடை போன்றவற்றை ஆர்மி ஆர்டினன்ஸ் கோர் கவனிக்கிறது. பழுதுபார்ப்பதற்கு 1943-ல் உருவான இ.எம்.இ. என்ற தனிப் படை உண்டு.

இந்த உழைப்பின் அளவு லடாக்கில்தான் முழுதாகத் தெரியும். அங்கே போக முக்கியமான தரைவழிகள் இரண்டு. ஒன்று ஸ்ரீநகரிலிருந்து சோஜிலா கணவாய் ஏறி கார்கில் வழியாக லே போகிறது, மற்றது மணாலியிலிருந்து. சோஜிலா ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் பனி விழுந்தால் ஐந்தாறு மாதம் வழி அடைந்துவிடும். எல்லைச் சாலை அமைப்பின் இடைவிடாத உழைப்பால் இப்போது அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. 2025-ல் 32 நாளில் சாலையைத் திறந்தார்கள். மணாலிப் பக்கம் 2020-ல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயின் தொல்லையைத் தீர்த்தது. ஆனாலும் குளிர்காலத்துக்கு வேண்டியதைக் கோடையிலேயே மேலே ஏற்றி வைக்கும் வழக்கம் மாறவில்லை. ஒரு பிரிவுக்கு எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு மாவு, ஓர் அடுப்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் என்று மாதக்கணக்கில் முன்கூட்டியே கூட்டிப் பெருக்கி வைக்க வேண்டும். கணக்கில் பிசகினால் ஜனவரியில் கடைக்கு ஓட முடியாது. 2020-ல் கிழக்கு லடாக்கில் சீனாவுடன் மோதல் வெடித்தபோது பல்லாயிரம் வீரர்கள் புதிதாக அங்கே குவிக்கப்பட்டார்கள். அத்தனை பேருக்கும் அந்தக் குளிர்காலத்துக்கான உணவு, எரிபொருள், கூடாரம், உடை அனைத்தையும் சில மாதங்களில் மேலே சேர்த்தார்கள். பேச்சுவார்த்தை மேசையில் இந்தியா அவசரப்படாமல் உட்கார முடிந்ததற்கு அந்தக் கிடங்குகளும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சியாச்சினில் கடைசிச் சில கிலோமீட்டர்தான் கொடுமை. 1984 ஏப்ரல் 13 முதல் அங்கே நம் படை நிற்கிறது. 20,000 அடிக்கு மேலுள்ள சாவடிகளுக்குப் பெரும்பாலும் சீட்டா ஹெலிகாப்டர்தான் போகும். காற்று மெலிந்த அந்த உயரத்தில் அது சில பத்து கிலோவுக்கு மேல் தூக்க முடியாது. அந்தச் சுமையில் மண்ணெண்ணெய் ஜெர்ரிகேனுக்குத்தான் முதலிடம். பனியை உருக்கினால்தான் குடிக்கத் தண்ணீர். அடுப்பு எரிந்தால்தான் உயிர். சாதாரண டீசலும் அந்தக் குளிரில் உறைந்துவிடும். இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை லடாக்குக்கு அனுப்பத் தொடங்கியது 2019 நவம்பரில்தான்.

வழங்கல் தோற்றால் என்ன ஆகும் என்பதை 1962 சீனப் போர் காட்டியது. நம்கா சூ ஆற்றங்கரையில் நின்ற 7-வது பிரிகேடின் வீரர்களில் பலர் பருத்தி உடையில், ஆளுக்கு ஐம்பது தோட்டாவோடு, இமயத்துக் குளிரில் காவல் இருந்தார்கள். விமானம் போட்ட சரக்கில் பெரும்பங்கு பள்ளத்தாக்கில் விழுந்து மறைந்தது. அக்டோபர் 20 காலை சீனப் படை பாய்ந்தபோது அவர்களின் வீரத்தில் குறையில்லை. கையில் எதுவும் இல்லை. அந்தப் பிரிகேடின் தளபதி பிரிகேடியர் ஜான் டால்வி சிறைபிடிக்கப்பட்டார். அவர் பின்னர் எழுதிய நூல் இந்த அவலத்தை வரிசைப்படுத்திச் சொல்கிறது. 1999 கார்கில் போரில் நிலைமை வேறு. டோலோலிங், டைகர் ஹில் உச்சிகளிலிருந்து எதிரி நெடுஞ்சாலையைப் பார்த்துக் குண்டு போட்டான். லாரிகள் இரவில், முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பாதாளமுமான சாலையில் ஓடின. மேலே பீரங்கி ஓயாமல் முழங்கியதற்குக் கீழே அந்த ஓட்டுநர்கள் விழித்திருந்தார்கள்.

இவர்களுக்குப் பதக்கம் உண்டா? உண்டு, ஆனால் வழி குறுகலானது. பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் எதிரியின் முன் காட்டிய வீரத்துக்கானவை. இதுவரை பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரில் ஏ.எஸ்.சி.யைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. எதிரி முன்னில்லாத இடத்துத் துணிச்சலுக்கு அசோக சக்ரா வரிசை இருக்கிறது. 1960-ல் ஏற்படுத்தப்பட்ட விசிஷ்ட சேவா பதக்கங்களும் 1980-ல் வந்த யுத்த சேவா பதக்கங்களும் சிறந்த சேவைக்கானவை. விதிப்படி எல்லாத் தரத்தினருக்கும் உரியவை. நடைமுறையில் அவை பெரும்பாலும் அதிகாரிகளின் மார்புக்கே போகின்றன. லாரி டிரைவருக்கும் கிடங்குக் கணக்கருக்கும் எட்டுவது பெரும்பாலும் தளபதியின் பாராட்டு அட்டைதான். அதைப் பெற்றவர் சட்டத்துக்குள் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டி வைப்பார். ஊருக்கு அது என்னவென்றே தெரியாது.

பழைய வரலாற்றிலும் சில பெயர்கள் மட்டுமே தப்பிப் பிழைத்தன. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து நான்கு கோவேறு கழுதைக் கம்பெனிகள் பிரான்சுக்குக் கப்பலேறின. 1940-ல் டன்கர்க் பின்வாங்கலில் அவற்றில் சில சிக்கின. விலங்குகளை விட்டுவிட்டே வீரர்கள் கடல் கடக்க நேர்ந்தது. ஒரு கம்பெனி ஜெர்மானியரிடம் அகப்பட்டது. குண்டுவீச்சுக்கு நடுவே ஆட்களையும் விலங்குகளையும் சிதறவிடாமல் ஒழுங்குபடுத்திய ஜமேதார் மௌலா தாத் கானுக்கு இந்தியச் சிறப்புச் சேவைப் பதக்கம் கிடைத்தது.

இன்னொரு பெயர் பெடோங்கி. 1962-ல் படையில் சேர்ந்த பெண் கோவேறு கழுதை. 1971 போரில் பாகிஸ்தான் படையிடம் பிடிபட்ட அது, முதுகில் ஏற்றப்பட்டிருந்த இயந்திரத் துப்பாக்கியோடும் தோட்டாப் பெட்டிகளோடும் தப்பித்து நம் பக்கம் வந்து சேர்ந்ததாகப் படையில் சொல்கிறார்கள். மிக நீண்ட காலம் சேவை செய்த ராணுவக் கோவேறு கழுதை என்று கின்னஸில் இடம்பெற்றது. 1992-ல் டெல்லி விழாவுக்கு அழைத்துவந்து நீல வெல்வெட் போர்வை போர்த்திக் கௌரவித்தார்கள். அதற்கு அது தகும். அத்தகைய விலங்கை நடத்திச் செல்பவர் ஏறிச் சவாரி செய்வதில்லை, கூடவே நடக்கிறார். முகாமுக்கு வந்ததும் சுமை இறக்கி, முதுகில் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, தீவனம் வைத்த பிறகே தன் சாப்பாட்டுக்குப் போகிறார். அவருக்கும் மேடையில் இடம் வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. விசிஷ்ட சேவா பட்டியலில் ஓட்டுநர்கள், கணக்கர்கள், கழுதை நடத்துநர்கள் பெயர் அதிகம் வர வேண்டும். பத்திரிகைகளும் வீர விருதுகளின் விவரத்தோடு நின்றுவிடாமல் சேவைப் பதக்கம் பெற்ற ஜவானின் கதையை அவர் சொந்த ஊர்ப் பதிப்பிலாவது வெளியிட வேண்டும்.

டிசம்பர் 7 கொடிநாள். அதற்கு மறுநாள் ஏ.எஸ்.சி. நாள். கொடிநாள் நிதி திரட்டும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஏ.எஸ்.சி.யில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர் யாரேனும் இருந்தால் இந்த ஆண்டு விழாவுக்கு அவரை அழையுங்கள். சோஜிலாவில் வண்டி ஓட்டியது எப்படி என்று பிள்ளைகள் அவரிடம் கேட்கட்டும்.