துணைக்குத் துணை யார்?



தோட்டத்தில் புதிதாகப் பால்மரம் வெட்டப் போனவருக்கு உளியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? துரையா? கிராணியா? இல்லை. பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த அக்காளோ மாமாவோதான். பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம், எங்கே நிறுத்தாவிட்டால் மரம் காயப்படும் என்பதையெல்லாம் அதே வேலையைச் செய்கிறவர்தான் சொல்லித்தர முடியும். இந்த உண்மை பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும் என்பதை இன்று பார்ப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கலும்பாங் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி பல்கலைக்கழகம் போனார். அந்தக் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பிள்ளை அவர்தான். மூன்றாம் மாதம் பெட்டியோடு வீடு திரும்பிவிட்டார். பாடம் கடினம் என்பது காரணமன்று. கல்விக் கடன் பணம் வரத் தாமதமாயிற்று. வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கக் கூச்சம். உணவுக்கூடத்தில் உடன் உட்கார ஆளில்லை. இவற்றை யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "நன்றாகப் படி" என்று சொல்லி அனுப்பிய ஆசிரியர்களாகிய நாங்கள், "சங்கடம் வந்தால் இன்னாரைப் போய்ப் பார்" என்று சொல்லி அனுப்பவில்லை. அந்தக் குறை எங்களுடையது.

அவரை மீண்டும் அழைத்துச் சென்றவர் பக்கத்துத் தோட்டத்து மூத்த மாணவி. வீட்டுக்கே வந்து, தாயாரிடம் பேசி, மறுநாள் காலை பேருந்தில் கூட்டிக்கொண்டு போனார். அந்த மூத்த மாணவி இப்போது ஓர் உயர்கல்வி நிலையத்தில் மாணவர் நலப் பிரிவில் பணியாற்றுகிறார். ஒரு தீபாவளிக்கு எங்களைப் பார்க்க வந்தவர், "சார், பிள்ளைங்க எல்லாம் என்கிட்ட வந்து அழுறாங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இந்த உரை.

முதலில், இவர் செய்யும் வேலை என்ன? பல்கலைக்கழகத்தில் பல இனத்தவர், பல சமயத்தவர், பணக்காரர், ஏழை, ஊனமுற்றோர், முதல் தலைமுறையாகப் படிப்பவர் என்று எல்லாரும் சேர்கிறார்கள். சேர்ந்தபின் ஒருவரும் ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலர் வேண்டும். அவரைச் சமவாய்ப்பு அலுவலர் என்று நாம் அழைக்கலாம். அமெரிக்காவில் 'டைவர்சிட்டி ஆபீசர்' என்பார்கள். நம் நாட்டில் இந்தப் பணி பெரும்பாலும் மாணவர் நலப் பிரிவு, ஆலோசனைப் பிரிவு, உடற்குறையுள்ள மாணவர்களுக்கான பிரிவு என்று பிரிந்து கிடக்கிறது. ஊனமுற்றவர்களுக்குக் கல்வி பெறும் உரிமை உண்டென்று நம் நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் ஒரு விதி வகுத்தது. ஒவ்வோர் உயர்கல்வி நிலையமும் சமவாய்ப்புப் பிரிவு அமைக்க வேண்டும். பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அந்த விதி. ஆனால் விதி எழுதிவிட்டால் போதுமா? ஹைதராபாத் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா 2016 ஜனவரியிலும், மும்பையில் மேற்படிப்புப் படித்துவந்த டாக்டர் பாயல் தத்வி 2019 மே மாதத்திலும் உயிரிழந்தார்கள். இருவரும் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார்கள் என்று குடும்பத்தார் முறையிட்டார்கள். அந்த இரு தாய்மாரும் 2019இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் படியேறினார்கள். ஏட்டில் உள்ள விதியை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. ஒரு நாற்காலியும் பெயர்ப்பலகையும் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏன் அப்படி? அந்த நாற்காலியில் உட்காருகிறவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நம் தோட்டத்து மண்டோரின் நிலைதான். துரைக்கு அவர் தொழிலாளர் பக்கம் பேசுகிறவர். தொழிலாளருக்கு அவர் துரையின் ஆள். சமவாய்ப்பு அலுவலரையும் நிர்வாகம் 'பிரச்சினையைக் கிளப்புகிறவர்' என்று பார்க்கிறது. மாணவர்களோ 'அவரும் அலுவலக ஆள்தானே' என்று நினைக்கிறார்கள். நாள்தோறும் பிறர் துயரத்தைக் கேட்க வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. பல இடங்களில் இந்த வேலைக்கு இருப்பதோ ஒரே ஒருவர். அவர் சோர்ந்துவிட்டால், மாற்றலாகிப் போய்விட்டால், மாணவர்கள் தட்டும் கதவு பூட்டிக்கொள்கிறது.

இதற்கு மருந்து, அதே வேலையைச் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாவதுதான். அமெரிக்காவில் இத்தகைய அலுவலர்கள் 2006இல் உயர்கல்விச் சமவாய்ப்பு அலுவலர்களின் தேசியச் சங்கத்தை அமைத்தார்கள். ஆண்டுதோறும் கூடுகிறார்கள். வேலைக்குப் புதியவர்களை அனுபவசாலிகளோடு இணைத்துப் பயிற்சி தருகிறார்கள்.

பெரிய சங்கம் இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாம். ஐந்தாறு கல்லூரிகளின் அலுவலர்கள் மாதம் ஒருமுறை நேரிலோ இணையவழியாகவோ கூடலாம். மாணவரின் பெயரையும் அடையாளத்தையும் சொல்லக் கூடாது. இது முதல் கட்டுப்பாடு. ஒருவர் தமக்கு வந்த சிக்கலைச் சொல்வார். மற்றவர்கள் உடனே புத்தி சொல்லிவிடாமல், முதலில் கேள்வி கேட்பார்கள். "மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்தீர்களா?" "இதே முறையீடு இதற்கு முன் வந்ததுண்டா?" இப்படிக் கேட்கக் கேட்க, சொல்பவருக்கே வழி புலப்படும். குறைந்தது, இந்தச் சங்கடம் தமக்கு மட்டும் வந்ததன்று என்ற ஆறுதலாவது கிடைக்கும்.

தலைமைப் பயிற்சியும் இங்கேதான் தொடங்குகிறது. தலைமை என்றால் மேடையில் உரக்கப் பேசுவதன்று. எத்தனை மாணவர்கள் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று கணக்கெடுக்கத் தெரிய வேண்டும். அந்தக் கணக்கை நிர்வாகக் கூட்டத்தில் அஞ்சாமல், அதே வேளையில் பணிவாக எடுத்துவைக்கத் தெரிய வேண்டும். தமக்குப் பின் அந்த வேலையைச் செய்ய இன்னொருவரைப் பழக்க வேண்டும். இவற்றில் எதையும் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது.

நேயர்களே, இது நமக்குப் புதிய பாடமன்று. 1954இல் தனித்தனியாக இருந்த தோட்டத் தொழிற்சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதனை வழிநடத்திய பி. பி. நாராயணன் 1975இல் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்கே தலைவரானார். தோட்டம் தோட்டமாகத் தனித்து நின்றிருந்தால் அந்தக் குரல் உலகத்துக்குக் கேட்டிருக்குமா?

ஒன்றுகூடிவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2023இல் இயற்றிய சட்டத்தால், 2024 தொடக்கத்திலிருந்து அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய அலுவலகங்கள் மூடப்பட்டன. பலர் வேலையிழந்தார்கள். 2025இல் மத்திய அரசும் இத்தகைய பணிகளுக்கு எதிராக ஆணைகள் பிறப்பித்தது. அந்த ஆணைகளை எதிர்த்து, முன்பு சொன்ன சங்கம் அவ்வாண்டு பிப்ரவரியில் நீதிமன்றம் சென்றது. வெற்றி தோல்வி ஒருபுறம் இருக்கட்டும். தனி ஓர் அலுவலர் அந்தப் படியை மிதித்திருக்க முடியுமா?

இனி நாம் செய்யக்கூடியது என்ன? பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் நாளில், விடுதி அறையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். மாணவர் நல அலுவலர் யார், அவர் அறை எங்கே? அவர் இல்லாத நாளில் யாரைப் பார்ப்பது? நம் வட்டாரத்திலிருந்து வந்த மூத்த மாணவர்கள் யார் யார்? இரண்டாவது கேள்வியை மறக்காதீர்கள். அதற்கு விடை இல்லாத இடத்தில், அந்த அலுவலர் தனி ஆளாகத் தவிக்கிறார் என்று பொருள். பெற்றோர் பலர் கேட்டால் நிர்வாகமும் யோசிக்கும்.

எங்கள் வட்டாரத்துக்குப் பக்கத்தில் தஞ்சோங் மாலிம் இருக்கிறது. அங்கே 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய நிலையம் 1997இல் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கும் பிற இடங்களிலும் படிக்கும் நம் பிள்ளைகளுள் சிலர் நாளை இந்த நாற்காலியில் உட்காரக்கூடும். இடைநிலைப் பள்ளியில் சக மாணவர்க்கு வழிகாட்டும் குழுவில் சேர உங்கள் மகன் விரும்பினால், "உனக்கெதற்கு ஊர் வம்பு?" என்று தடுக்காதீர்கள். பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

தீபாவளிக்கு வந்து கேள்வி கேட்ட அந்த அக்காளிடம், அன்று எங்களால் நேராக விடை சொல்ல முடியவில்லை. "உங்களைப் போல் இந்த வேலை பார்க்கிறவர்கள் இன்னும் எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேட்டோம். நான்கு பேரைத் தெரியும் என்றார். இப்போது அந்த ஐவரும் மாதம் ஒரு மாலை பேசிக்கொள்கிறார்கள். பெட்டியோடு திரும்பி வந்த அந்த மாணவியும் படித்துப் பட்டம் பெற்றுவிட்டார்.

நம் பிள்ளைக்குத் துணை நிற்பவருக்கும் ஒரு துணை வேண்டும். அதை மனத்தில் வைத்து அவர்களை வழியனுப்புவோம்.