தமிழ்நாட்டில் கொரியவியல்

கொரியவியல் என்பது கொரியத் தீபகற்பத்தின் மொழி, இலக்கியம், வரலாறு, கலை, அரசியல், பொருளாதாரம் ஆகியவற்றை ஆராயும் கல்வித்துறை ஆகும். இந்தியாவில் இத்துறை புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களை மையமாகக் கொண்டு வளர்ந்தது. தமிழ்நாட்டில் மொழி வகுப்புகள், பண்பாட்டு நிகழ்வுகள், தொழில் தேவை ஆகியவற்றின் வழியே இது அறிமுகமானது. தமிழுக்கும் கொரிய மொழிக்கும் தொடரமைப்பில் உள்ள ஒற்றுமை, தமிழ் மாணவர்கள் கொரிய மொழியைக் கற்பதற்குப் பெரிதும் உதவுகிறது. இவ்வொற்றுமையை இரு மொழிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். எனினும் மொழியியலாளர்கள் பொதுவாக இதனை ஏற்பதில்லை.

பின்னணி

இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலான தற்கால உறவு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. 1948இல் கொரியாவுக்கான ஐக்கிய நாடுகள் தற்காலிக ஆணையத்திற்குக் கே. பி. எஸ். மேனன் தலைமை வகித்தார். 1950இல் கொரியப் போர் மூண்டபோது இந்தியா போர்ப்படை எதனையும் அனுப்பாமல், 60ஆவது வான்குடை மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதற்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் ஆவார். இந்தியாவும் கொரியக் குடியரசும் (தென் கொரியா) 1973இல் முழுமையான தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டன.

தமிழ்நாட்டில் கொரிய மொழிக்கான தேவை தொழிற்சாலைகளுடன் வந்தது. ஹுண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் 1996இல் தொடங்கப்பட்டது. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த அதன் ஆலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ மகிழுந்து வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து உதிரிப்பாகம் வழங்கும் கொரிய நிறுவனங்களும், பின்னர் சாம்சங் நிறுவனமும் அப்பகுதியில் ஆலைகளை அமைத்தன. கொரியப் பொறியாளர்கள் குடும்பத்தோடு சென்னையில் குடியேறினர். மொழிபெயர்ப்பாளர்கள், இருமொழி அறிந்த பொறியாளர்கள் ஆகியோரின் தேவை இதனால் எழுந்தது.

நிறுவனங்கள்

புது தில்லியிலுள்ள சவகர்லால் நேரு பல்கலைக்கழகம் கொரிய மொழியில் பட்டப்படிப்பும் ஆய்வுப் படிப்பும் வழங்குகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசியவியல் துறையிலும் சார்க்கண்டு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் கொரிய மொழி கற்பிக்கப்படுகிறது. கொரிய அரசின் பண்பாட்டு மையம் 2012இல் புது தில்லியில் திறக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலைப் பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்நாட்டு மொழிகளுக்கு எடுத்துக்காட்டாகத் தரும் பட்டியலில் கொரிய மொழியையும் சேர்த்துள்ளது.

சென்னையில் 2006இல் இன்கோ மையம் நிறுவப்பட்டது. இந்திய, கொரியப் பண்பாட்டுப் பரிமாற்றத்தை நோக்கமாகக் கொண்ட இலாப நோக்கற்ற அமைப்பு இதுவாகும். மொழி வகுப்புகள், கலைக் கண்காட்சிகள், நாடகம், திரையிடல் ஆகியவற்றை இது நடத்துகிறது. கொரிய மொழியை உலகெங்கும் கற்பிக்கும் அரசர் சேசோங் கல்விக்கூடத்தின் சென்னைக் கிளையும் இம்மையத்துடன் இணைந்து செயற்படுகிறது.

2010களில் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் மொழிமாற்றம் செய்து ஒளிபரப்பியது. இதனால் தொழிற்சாலைகளுடன் தொடர்பில்லாத ஊர்களிலும் கொரியப் பண்பாடு அறிமுகமானது.

பல்கலைக்கழக நிகழ்வுகள்

பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நடைபெறும் கொரியப் பண்பாட்டு நிகழ்வுகள் பெரும்பாலும் பின்வருவனவற்றை ஒட்டி அமைகின்றன.

அங்குல் நாள்: கொரிய எழுத்துமுறையான அங்குல் அறிவிக்கப்பட்டதைக் கொண்டாடும் நாள். தென் கொரியாவில் அக்டோபர் 9 அன்றும் வட கொரியாவில் சனவரி 15 அன்றும் கொண்டாடப்படுகிறது. பேச்சு, கட்டுரை, தூரிகை எழுத்து ஆகியவற்றில் போட்டிகள் நடைபெறும்.

சூசோக்: சந்திர நாட்காட்டியின் எட்டாம் மாத முழுநிலவு நாளில் வரும் அறுவடைத் திருவிழா. முன்னோர்க்குப் படையல் இடுதலும், புது அரிசி மாவில் சொங்பியோன் என்னும் கொழுக்கட்டை செய்தலும் வழக்கம்.

சாமுல்நோரி: நான்கு தாளக் கருவிகளைக் கொண்டு நிகழ்த்தப்படும் இசை. உழவர் இசையான நோங்காக்கிலிருந்து உருவாகி 1978இல் மேடைக் கலையானது. நோங்காக் 2014இல் யுனெசுக்கோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

கிம்சாங்: குளிர்காலத்திற்காக உறவினரும் அயலாரும் கூடிக் கிம்ச்சி என்னும் ஊறுகாயைச் செய்து பகிரும் வழக்கம். தென் கொரியாவின் இவ்வழக்கம் 2013இல் யுனெசுக்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இந்நிகழ்வுகளில் கொரியப் பாடல், நடனப் போட்டிகளுக்கே கூட்டம் மிகுதி. எனினும் ஒரு நாள் விழாவில் தோன்றும் ஆர்வம் மொழிக்கல்வியாகத் தொடர்ந்தால் மட்டுமே அது கொரியவியலுக்குப் பயன்படும். அவ்வாறு தொடர விரும்பும் தமிழ் மாணவருக்குத் தாய்மொழி தரும் உதவி பின்வரும் பகுதிகளில் விளக்கப்படுகிறது.

எழுத்துமுறை

அங்குல் எழுத்துமுறை 1443இல் அரசர் சேசோங்கால் உருவாக்கப்பட்டு 1446இல் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் 28 எழுத்துகள் இருந்தன. இன்று 14 மெய்களும் 10 உயிர்களுமாக 24 அடிப்படை எழுத்துகள் உள்ளன. அடிப்படை மெய்யெழுத்துகளின் வடிவங்கள் நாக்கு, பல், உதடு, தொண்டை ஆகிய ஒலியுறுப்புகளின் நிலையைக் காட்டுமாறு அமைக்கப்பட்டன. தொல்காப்பியத்தின் பிறப்பியலில் எழுத்துகள் பிறக்கும் இடங்களைப் படித்தவர்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது. உயிரும் மெய்யும் தனித்தனியே அமைந்து, பின் ஓர் அசையாகச் சேர்வது தமிழின் உயிர்மெய்யை ஓரளவு ஒத்தது.

தொடரமைப்பு

கொரிய மொழி தமிழைப் போல ஓர் ஒட்டுநிலை மொழி. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசையில் தொடர் அமைகிறது. வேற்றுமைப் பொருளைத் தரும் ஒட்டுகள் பெயரின் பின்னரே வருகின்றன. சில எடுத்துக்காட்டுகள்:

நானுன் பாபுல் மொகொத்தா – நான் சோற்றை உண்டேன். இதில் "உல்" என்பது தமிழின் இரண்டாம் வேற்றுமை உருபான "ஐ" செய்யும் பணியைச் செய்கிறது.

ஜிபெசோ ஹாக்கியோக்காஜி – வீட்டிலிருந்து பள்ளிவரை. சொற்களும் ஒட்டுகளும் ஒரே வரிசையில் வருகின்றன.

பாபுல் மொக்கோ காத்தா – சோற்றை உண்டு சென்றான். "மொக்கோ" என்பது வினையெச்சம் போன்றது.

நேகா இல்குன் சேக் – நான் படித்த நூல். "இல்குன்" என்பது பெயரெச்சம் போல் நூலுக்கு முன் நிற்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு இணைப்புச் சொல்லுடன் கூடிய தனித்தொடர் பெயருக்குப் பின் வரும்.

துணைவினைகளில் ஒற்றுமை மேலும் தெளிவாகத் தெரியும். "மொகொ பொதா" என்பதன் நேர்ப்பொருள் "தின்று பார்த்தல்". தமிழைப் போலவே இங்கும் "பார்" என்னும் வினை முயன்று பார்த்தலைக் குறிக்கிறது. பிறருக்காக ஒன்றைச் செய்து கொடுப்பதற்குக் "கொடு" என்னும் பொருளுடைய வினை துணைவினையாகிறது. "தின்றுவிட்டான்" என்பதில் "விடு" வருவது போல, "எறி" என்னும் பொருளுடைய வினை செயல் முடிந்துவிட்டதைக் காட்டுகிறது. மரியாதை வடிவங்களும் வினையிலேயே அமைகின்றன.

எனவே ஆங்கிலவழிப் பாடநூலைக் கொண்டு கற்கும் தமிழ் மாணவர், ஒவ்வொரு தொடரையும் ஆங்கிலத்திற்கு மாற்றிப் பின் கொரியத்திற்குத் திருப்ப வேண்டியதில்லை. தமிழ்த் தொடரை எழுதி, சொல்லுக்குச் சொல் மாற்றினாலே பெரும்பாலான எளிய தொடர்கள் சரியாக அமையும்.

வேறுபாடுகள்

தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். கொரிய வினை இவற்றைக் காட்டுவதில்லை. உண்டேன், உண்டாய், உண்டாள் ஆகிய மூன்றுக்கும் "மொகொத்தா" ஒன்றே போதும். மறுபுறம், முன்னிருப்பவரின் வயதையும் நிலையையும் பொறுத்து வினையின் ஈறு மாறும். பேசப்படுபவருக்குத் தரும் மரியாதையும், கேட்பவருக்குத் தரும் மரியாதையும் தனித்தனியே குறிக்கப்படும்.

ஒலிப்பில், கொரிய மொழியின் இயல்பான "க", "ப" ஆகியவை சொல்லின் முதலில் ஒலிப்பிலா ஒலியாகவும் உயிர்களுக்கு இடையில் ஒலிப்புடை ஒலியாகவும் வரும். இடத்திற்கேற்ப ஒலி மாறுவது தமிழருக்குப் பழக்கமானதே. ஆனால் கொரிய மொழியில் மூச்சொலியாகவும் இறுக்கமாகவும் ஒலிக்கும் வேறு இரு ககரங்களும் பகரங்களும் உள்ளன. இவற்றைத் தமிழ் எழுத்தால் பிரித்துக் காட்ட இயலாது. அகரத்துக்கும் ஒகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் உயிரும் தமிழருக்குக் கடினமானது. "உல்", "நுன்" ஆகியவற்றில் வரும் உயிர், "நாடு" என்ற சொல்லின் இறுதியில் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கு நெருக்கமானது. சொற்களில் பெரும் பகுதி சீன மூலம் உடையது. ஆகையால் சொல்வளத்தில் தமிழ் உதவாது.

உறவுக் கருதுகோள்

கொரிய மொழியைத் திராவிட மொழிகளுடன் முதலில் ஒப்பிட்டவர்கள் 19ஆம் நூற்றாண்டில் கொரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மறைப்பணியாளர்கள். அமெரிக்கரான ஓமர் அல்பர்ட் 1905இல் இரு தரப்பு மொழிகளின் இலக்கணத்தை ஒப்பிட்டு நூல் ஒன்றை வெளியிட்டார். அப்பா, நாள், புல் ஆகிய சொற்கள் கொரிய மொழியிலும் ஏறத்தாழ அதே ஒலியுடனும் பொருளுடனும் வழங்குவது அடிக்கடி சுட்டப்படுகிறது.

ஒலியொத்த சொற்கள் சில கிடைப்பது மொழியுறவுக்குப் போதிய சான்றன்று. ஒரே மூலத்திலிருந்து பிரிந்த மொழிகளில் ஒலிமாற்றம் ஒழுங்காக அமையும். தமிழ்ச் சொல்முதல் பகரம் கன்னடத்தில் ககரத்தை ஒத்த மூச்சொலியாக, அதாவது "ஹ" ஆக மாறுவது இதற்கு எடுத்துக்காட்டு: பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி. இத்தகைய ஒழுங்கு தமிழுக்கும் கொரிய மொழிக்கும் இடையே நிறுவப்படவில்லை. அப்பா, அம்மா போன்ற மழலைச் சொற்கள் தொடர்பற்ற பல மொழிகளில் ஒத்து வருகின்றன. தொடரமைப்பு ஒற்றுமையும் துருக்கியம், மங்கோலியம், சப்பானியம் ஆகியவற்றில் காணப்படுவதே. இன்று கொரிய மொழி, சேசு தீவின் மொழியுடன் சேர்ந்து தனிக் குடும்பமாகக் கருதப்படுகிறது.

இளவரசி ஓ உவாங்-ஓக்கின் கதையும் சான்றாகக் கூறப்படுகிறது. அயுத்தா என்னும் நாட்டிலிருந்து கடல்வழியே வந்து, கி.பி. 48இல் காயா நாட்டு மன்னர் சூரோவை அவர் மணந்ததாக 13ஆம் நூற்றாண்டில் துறவி இல்யோன் தொகுத்த சாம்குக் யூசா கூறுகிறது. அயுத்தாவை அயோத்தி என்று கொண்டு, 2001இல் அயோத்தியில் நினைவிடம் அமைக்கப்பட்டது. அதனைத் தமிழகத்தின் ஆய் நாடு என்று கொள்வோரும் உளர். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே பன்னிரண்டு நூற்றாண்டுகள் இருப்பதால், இரண்டுமே உறுதி செய்யப்படாத கருத்துகள்.

தேர்வும் உதவித்தொகையும்

தோப்பிக் எனப்படும் கொரிய மொழித் திறன் தேர்வு 1997 முதல் நடத்தப்படுகிறது. முதல் தாளில் 1, 2 ஆகிய நிலைகளும் இரண்டாம் தாளில் 3 முதல் 6 வரையிலான நிலைகளும் உள்ளன. முதல் தாள் 200 மதிப்பெண்களுக்குக் கேட்டல், படித்தல் ஆகியவற்றைச் சோதிக்கும். இரண்டாம் தாள் எழுதுதலையும் சேர்த்து 300 மதிப்பெண்களுக்கு உரியது. முடிவுகள் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும்.

கொரிய அரசின் உதவித்தொகை பெற்று முதுநிலைப் படிப்புக்குச் செல்வோர் பொதுவாக ஓராண்டு அங்கேயே மொழி பயில வேண்டும். தோப்பிக் தேர்வில் 5ஆம் நிலையோ அதற்கு மேலோ பெற்றவர்க்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

சென்னைக்கு வெளியே

நேரடி வகுப்புகள் பெரும்பாலும் சென்னையை ஒட்டியே அமைந்துள்ளன. கோயம்புத்தூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு. பொள்ளாச்சி, ஆனைமலை போன்ற ஊர்களின் மாணவர்களுக்கு இது இன்னும் கூடும். சேசோங் கல்விக்கூடத்தின் இணையவழிப் பாடங்கள் இத்தொலைவைக் குறைக்கின்றன. எனினும் அவற்றின் விளக்கங்கள் தமிழில் அமைவதில்லை. வேற்றுமை உருபு, எச்சம், துணைவினை ஆகியவற்றைப் பள்ளியிலேயே படித்த மாணவருக்கு அவ்விலக்கணத்தைக் கொண்டே கொரிய மொழியை விளக்கும் பாடநூல்கள் தமிழில் பெருகுவது, ஆண்டுக்கு ஒரு நாள் விழாவைவிட மிகுந்த பயன் தரும்.