‘ஹேவ்’ என்னும் ஆங்கில வினை

வேற்று மொழியைக் கற்பவர்க்கு நீண்ட சொற்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. அவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளே இருக்கும். அகராதியை ஒருமுறை புரட்டினால் போதும். தொல்லை தருவன சின்னஞ்சிறு சொற்களே. ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ என்னும் வினை அத்தகையது. தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வந்து, ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்கி நிற்கும் மாணவ மாணவியர் நம்மிடையே பலர். அவர்களை இச்சொல் ஏன் இடறச் செய்கிறது என்பதை ஈண்டுக் காண்போம்.

தமிழில் நேர்ச்சொல் உண்டா?

‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்கிறோம். இவ்வாக்கியத்தின் எழுவாய் எது? ‘நான்’ அன்று, ‘தம்பிகள்’ என்பதே. ஆகவேதான் பயனிலை பலர்பாலில் முடிகிறது. ‘நான்’ என்பது நான்காம் வேற்றுமை ஏற்று ‘எனக்கு’ என ஒதுங்கி நிற்கிறது. ஆங்கிலேயரோ ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்பர். அங்கே உடையவர் எழுவாய், உடைமை செயப்படுபொருள்.

ஆங்கிலம் ஒரே வினையால் சொல்வதை நாம் பல வகையாகப் பிரித்துச் சொல்கிறோம். உறவும் நோயும் நேரமும் ‘எனக்கு’ இருக்கின்றன. கையிலுள்ள பேனாவும் பணமும் ‘என்னிடம்’ இருக்கின்றன. ‘அவருக்குப் பணம் இருக்கிறது’ என்றால் அவர் செல்வர். ‘அவரிடம் பணம் இருக்கிறது’ என்றால் இப்போது கையில் உள்ளது என்று பொருள். இந்த நுட்பம் தமிழ் கற்கவரும் ஆங்கிலேயரை இடறச் செய்யும் அன்றோ!

உடைமையைக் குறிக்கும் வினை தமிழில் அறவே இல்லை என்றும் கூறவியலாது. ‘உடையேன்’, ‘உடையர்’ என்னும் குறிப்பு வினைமுற்றுகள் பழந்தமிழில் வழங்கின. திருக்குறளில் அன்புடைமை, அடக்கமுடைமை, அறிவுடைமை, ஊக்கமுடைமை, பண்புடைமை என அதிகாரப் பெயர்களே அமைந்துள்ளன. இன்றைய பேச்சில் அவ்வினைமுற்று வழக்கொழிந்தது. ‘என்னுடைய’ என்பதில் மட்டும் அச்சொல் உயிர்வாழ்கிறது.

சொல்லின் பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘ஹப்பன்’ என வழங்கியது. லத்தீனில் ‘உடைத்தாயிரு’ என்னும் பொருள்தரும் வினை ‘ஹபெரே’. இரண்டும் உடன்பிறப்புகள் போலத் தோன்றினும் உறவில்லாதவை. ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கிய ஒலிமாற்ற விதிப்படி, லத்தீனில் சொல் முதலில் வரும் ககரம் ஆங்கிலத்தில் ஹகரமாக நிற்கும். கொம்பைக் குறிக்கும் ‘கார்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. நூறைக் குறிக்கும் ‘கெந்தும்’ ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரட்’. இவ்வாறே ‘ஹேவ்’ என்பதன் உண்மையான உறவினர் ‘பற்றுதல்’ என்னும் பொருளுடைய ‘கபெரே’ ஆகும். ஆகவே ‘ஹேவ்’ என்பதன் அடிப்பொருள் கையால் பற்றுதல் எனலாம்.

இதைக் கொண்டு ஆங்கிலேயர் பற்றுடையோர், தமிழர் பற்றற்றோர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது! இந்தி, உருசியம், ஐரிஷ் ஆகிய மொழிகளிலும் உடைமை நம்மைப் போல ‘இருத்தல்’ வினையாலேயே சொல்லப்படுகிறது. லத்தீனிலும் ‘எனக்கு இருக்கிறது’ என்னும் அமைப்பு உண்டு.

துணைவினையான வரலாறு

‘எழுதி முடிந்த கடிதம் ஒன்றை உடையேன்’ என்பது போன்ற பழைய அமைப்பே, காலப்போக்கில் ‘ஐ ஹேவ் ரிட்டன் எ லெட்டர்’ என்றாயிற்று. உடைமைச் சொல் நிறைவுற்ற செயலைக் காட்டும் துணைவினையாயிற்று. அதே கருத்தைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? ‘கடிதம் எழுதியிருக்கிறேன்’. ‘ஐ ஹேவ் டு கோ’ என்பதை? ‘போக வேண்டியிருக்கிறது’. நோக்குங்கள்: உடைமை, நிறைவு, கட்டாயம் ஆகிய மூன்றிடத்தும் ஆங்கிலம் ‘ஹேவ்’ என்பதை ஆள, தமிழ் ‘இரு’ என்பதை ஆள்கிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்தினால் பாதிக் குழப்பம் தீரும்.

பிழை பிறக்குமிடம்

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று நம்மவர் கூறுவது ஏன்? தமிழில் ‘இருக்கிறார்கள்’, ‘ஓடுகிறார்கள்’ இரண்டும் ஒரே நிகழ்கால வாய்பாடு. நிலைத்த உண்மைக்கும் நடந்துகொண்டிருக்கும் செயலுக்கும் நாம் அதே வடிவைப் பயன்படுத்தலாம். ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரிக்கும். தம்பியர் இருப்பது நிலை. அதற்கு ‘ஐ ஹேவ்’ என்பதே தகும். உண்பதும் குளிப்பதும் செயல்கள். ஆதலால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’, ‘ஷீ இஸ் ஹேவிங் எ பாத்’ என்பன முற்றிலும் சரியே. ஐயம் வந்தால் ‘இது நிலையா, செயலா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றொன்று: ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்பதை ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், கத்தரியைக் கையிலெடுத்துத் தாமே வெட்டிக்கொண்டதாகக் கேட்பவர் எண்ணக்கூடும். பிறரைக்கொண்டு செய்வித்ததை ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ எனல் வேண்டும். மேலும், வினாவில் ‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமக்கும். ‘டிட் யூ ஹேவ்’ என்பதே முறை, ‘டிட் யூ ஹேட்’ என்பது பிழை.

மாணவ நண்பர்களே! நேர்முகத் தேர்வில் ‘ஐ ஆம் ஹேவிங்’ என்ற ஒரு தொடருக்காக முகஞ்சுளிப்போர் இருக்கலாம். அதனால் கூனிக்குறுக வேண்டியதில்லை. அப்பிழை அறிவின்மையின் அடையாளம் அன்று. தாய்மொழியின் இலக்கணம் உள்ளே விழிப்புடன் இயங்குவதன் அடையாளம். காரணம் தெரியாத பிழை அச்சத்தைத் தரும். காரணம் தெரிந்த பிழையோ திருந்திவிடும். ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விடுத்து, உடையவர் யார், உடைமை எது, இது நிலையா செயலா என்று நோக்கிப் பேசுங்கள். பேசப் பேசத்தான் மொழி வசப்படும். வாய்மூடி இருப்போர்க்கு எம்மொழியும் உடைமையாவதில்லை.