தசையுறை இறுக்கத்துக்கு அழுத்தச் சிகிச்சை: பலன் எதுவரை?

புதுதில்லி: நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்திருப்போருக்குக் கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் ஏற்படும் இறுக்கத்தைப் போக்க, 'மயோஃபேசியல் ரிலீஸ்' என்ற சிகிச்சை இயன்முறை மருத்துவ மையங்களில் அளிக்கப்பட்டு வருகிறது. இறுகிய இடத்தில் கையால் மெதுவாக, விடாமல் அழுத்தம் கொடுப்பதே இதன் முறை. எனினும், அந்த அழுத்தத்தால் உடலுக்குள் நிகழ்வது பலரும் எண்ணுவதிலிருந்து வேறுபட்டது.

இறைச்சியை நறுக்கும்போது கத்திக்கு வழுக்கும் வெண்ணிறச் சவ்வைப் பலரும் பார்த்திருப்பர். ஏறத்தாழ அதுவே ஃபேசியா எனப்படும் தசையுறை. கொலாஜன் இழைகளாலான இந்தத் திசு, தசைகளைப் போர்த்தியும் அவற்றினூடே பரவியும் உள்ளது. அதன் அடுக்குகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்கி நகர ஹயலுரோனிக் அமிலம் உதவுகிறது. அசைவு குறையும்போது இந்த அமிலம் கெட்டிப்பட்டு, நகர்வு தடைபடக்கூடும் என்பது இத்தாலியின் பதுவா பல்கலைக்கழக உடற்கூறியலாளர் கார்லா ஸ்டெக்கோ குழுவினர் முன்வைக்கும் விளக்கம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட அல்ட்ராசவுண்ட் ஆய்வும் கவனிக்கத்தக்கது. நாள்பட்ட இடுப்புவலி உள்ளவர்களிடம் முதுகுத் தசையுறை அடுக்குகளின் நகர்வு சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. நகர்வு குறைந்ததால் வலி வந்ததா, வலியால் அசையாமல் இருந்ததால் நகர்வு குறைந்ததா என்பதற்கு அந்த ஆய்வு விடை கூறவில்லை.

அழுத்தினால் தசையுறை நீண்டு தளர்ந்துவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால், தொடையின் பக்கவாட்டிலும் உள்ளங்காலிலும் உள்ள தடித்த தசையுறையை 1 சதவீதம் உருமாற்றுவதற்கே கைகளால் தர இயலாத அளவு விசை தேவை என 2008-இல் வெளியான கணித மாதிரி ஆய்வு ஒன்று காட்டியது. அப்படியானால் சிகிச்சைக்குப் பின் உணரப்படும் இதம் பொய்யா? இல்லை. தசையுறையில் நரம்பு முனைகள் நிறைந்துள்ளன. அழுத்தம் அவற்றைத் தூண்டுவதால் வலியுணர்வு தணிந்து தசை தளர்கிறது என்பதே இப்போது வலுப்பெற்றுவரும் விளக்கம். உருளையின் மீது உடலை உருட்டும் 'ஃபோம் ரோலர்' பயிற்சியிலும் மூட்டுகளின் அசைவு கூடுகிறது. ஆயினும் அந்தப் பலன் நெடுநேரம் நீடிப்பதில்லை.

கிடைத்த தளர்வைத் தக்கவைப்பது அன்றாட அசைவே. சிகிச்சை முடிந்ததும் மீண்டும் பல மணி நேரம் நாற்காலியில் அமர்ந்தால், செலவிட்ட பணத்துக்குச் சில மணி நேர நிம்மதியே மிஞ்சும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. இந்தியாவில் வயது வந்தோரில் 49.4 சதவீதம் பேர் 2022-இல் அந்த அளவை எட்டவில்லை என 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாள்பட்ட இடுப்புவலிக்கான உலக சுகாதார அமைப்பின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டைகளை வழக்கமாகப் பயன்படுத்துவதைப் பரிந்துரைக்கவில்லை.

வலிக்க வலிக்க அழுத்தினால்தான் பலன் என்பதும் தவறு. தோல் கன்றிப்போகும் அளவு அழுத்தம் தேவையில்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோரும், எலும்புத் தேய்மானமோ காலில் ரத்த உறைவோ உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இச்சிகிச்சையை மேற்கொள்ளக் கூடாது. முதுகுவலியுடன் கால் மரத்துப்போதல், சிறுநீரைக் கட்டுப்படுத்த இயலாமை, காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவற்றில் ஏதேனும் இருப்பின், செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை.