மலையும் தொழிலும்: கிரெனோபிள் நகரும் பொறியியலாளர் குடிபெயர்வும்

கற்ற தொழிலைச் செய்வதற்கேற்ற ஊர் எது என்ற கேள்வி பொறியியலாளர் ஒருவருக்குப் புதியதன்று. ஆயின் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், கைத்தொழில் வளர்ச்சியடைந்த நாடுகளில் மற்றொரு கேள்வியும் அதனுடன் இணைந்துகொண்டது. தொழில் ஒழிந்த நேரத்தில் மலையேறவும் பனியிற் சறுக்கவும் ஏற்ற ஊர் எது என்பதே அது. இவ்விரண்டும் சேர்ந்த தெரிவினைத் தனிமனிதர் விருப்பமாக மட்டுமே கருதும் வழக்கம் உண்டு. அவ்வாறன்றி, அது ஒரு சமூகப் பிரச்சினையுமாகும் என்பதைத் தென்கிழக்குப் பிரான்சின் கிரெனோபிள் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

இசேர், திராக் என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 210 மீற்றர் உயரத்தில் இந்நகர் அமைந்துள்ளது. நகரத்தின் நிலம் சமதரையானது. ஆனால் வடக்கே ஷார்திரூஸ், தென்மேற்கே வேர்கோர், கிழக்கே பெல்தொன் ஆகிய மூன்று மலைத்தொகுதிகள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. பெல்தொனின் உச்சி 2,977 மீற்றர் உயரமுடையது. தொழிலகத்திலிருந்து வெளியேறும் ஒருவர் சொற்ப நேரத்தில் மலைப்பாதையை அடைந்துவிடலாம். மாரியில் இப்பள்ளத்தாக்கிற் குளிர்காற்றுத் தேங்குவதால், நகரின் புகையும் வெளியேறாது தங்கிவிடுகின்றது. மலையை நாடி வருவோர் பெரும்பாலும் எண்ணிப்பாராத உண்மை இது.

மலை முதலில் ஓய்வுக்குரிய இடமாக இங்கு மதிக்கப்படவில்லை. உற்பத்திச் சக்தியாகவே மதிக்கப்பட்டது. 1869இல் அரிஸ்தீத் பெர்ஷெஸ் என்ற பொறியியலாளர், நகருக்கு அண்மையிலுள்ள லான்சே என்னுமிடத்தில் 200 மீற்றர் உயரத்திலிருந்து நீரைக் குழாய்வழி இறக்கி, கடதாசிக்கு மரக்கூழ் அரைக்கும் பொறிகளை இயக்கினார். மலைநீருக்கு 'வெண்ணிலக்கரி' என்னும் பெயர் பரவுவதற்கும் அவரே காரணரானார். நீரிலிருந்து மின்சாரமும், மின்சாரத்திலிருந்து உலோக, இரசாயன, பொறிக் கைத்தொழில்களும் பிறந்தன. அக்கைத்தொழில்கள் கற்ற ஆட்களை வேண்டி நின்றமையால், 1892இல் இந்நகரப் பல்கலைக்கழகத்திற் கைத்தொழில் மின்னியற் பாடம் தொடங்கப்பட்டது. பொருளாதாரத் தேவையே கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்தது என்பதற்கு இஃதொரு தெளிவான சான்றாகும்.

1925இல் இங்கு நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சியின் பெயரே நமது கருத்தை விளக்கப் போதுமானது. அது 'வெண்ணிலக்கரியும் உல்லாசப் பிரயாணமும்' பற்றிய கண்காட்சியாகும். மலை ஒரே வேளையில் மின்வலுவாகவும் காட்சிப்பொருளாகவும் விலைபேசப்படத் தொடங்கியமையை இதிற் காண்கிறோம்.

1940இற்குப் பின் இங்கு வந்து பணியாற்றிய பௌதிகவியலாளர் லூயி நேயெல், 1956இல் அணுசக்தி ஆய்வு நிலையமொன்றை நிறுவினார். பின்னர் 1970இல் அவர் நோபல் பரிசும் பெற்றார். 1967இல் பிரான்சும் மேற்கு ஜேர்மனியும் இணைந்து நியூத்திரன் ஆய்வு நிறுவனமொன்றை இங்கு அமைத்தன. நகரின் சனத்தொகை 1946இல் ஏறத்தாழ 1,02,000 ஆக இருந்து, 1968இல் 1,61,000ஐத் தாண்டியது. அவ்வாண்டின் மாரிக்கால ஒலிம்பிக் போட்டிகள் இந்நகருக்குப் புதிய வீதிகளையும் கட்டடங்களையும் அளித்தன. அவற்றோடு வந்த கடனின் சுமையையோ வரியிறுப்பாளர் நீண்டகாலம் தாங்க நேர்ந்தது.

இவ்வாறு குடிவந்தோருள் ஒருவரே ஊபேர் துபெதூ. முன்னாட் கடற்படை அலுவலரும் மலையேறுவதில் ஆர்வமுடையவருமான அவர், 1958இல் அணுசக்தி ஆய்வு நிலையத்திற் பணியேற்றார். அவர் குடியிருந்த மேல்மாடிக்கு நீர் ஒழுங்காக ஏறவில்லை. நீர்வளத்தால் உலகறியப்பட்ட நகரின் வீட்டுக் குழாயில் நீரில்லை! தமது வீட்டிற்கு மட்டும் பரிகாரம் தேடாது, அவர் நீர் பாவனையாளரைத் திரட்டினார். அவ்வியக்கம் நகரசபை அரசியலாக வளர, 1965இல் அவர் நகர முதல்வராகத் தெரிவாகி 1983வரை அப்பதவி வகித்தார். 1986இல் மலையேறுகையில் நேர்ந்த விபத்தில் அவர் இறந்தார்.

நீரின் கதை அத்துடன் முடியவில்லை. 1989இல் நகர நீர்வழங்கல் தனியார் கைக்கு மாறியது. அக்கைமாற்றத்தோடு தொடர்புடைய இலஞ்சக் குற்றத்திற்காக அன்றைய நகர முதல்வர் பின்னர் தண்டிக்கப்பட்டார். குடிமக்களின் இடையறாத போராட்டத்தின் பின்னரே, 2000இல் நீர் மீண்டும் பொதுவுடைமையாயிற்று.

தொழிலும் பொழுதுபோக்கும் எப்போதும் இணக்கமாக நிற்பவையல்ல என்பதையும் இந்நகர் கற்பித்தது. திராக் ஆற்றை மறித்து 1960களின் தொடக்கத்திற் கட்டப்பட்ட மொந்தெனார் அணைக்கட்டின் நீர்த்தேக்கத்திற் பாய்ப்பலகைச் சறுக்கல் நடைபெறுகின்றது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், 1995 டிசம்பர் 4ஆம் நாள், இயற்கையைக் கற்கச் சென்ற பாடசாலைச் சிறுவரிடையே, அணையொன்றிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பாய்ந்தது. ஆறு சிறுவரும் உடன்சென்ற ஒருவரும் உயிரிழந்தனர். பார்வைக்கு இயற்கையாகத் தோன்றிய அவ்வாறு, உண்மையில் மனிதன் இயக்கும் ஒரு பொறியின் பகுதியாகவே இருந்தது.

இனி, மலை யாருக்குரியது என்ற கேள்விக்கு வருவோம். இந்நகரின் கைத்தொழில்களிலும் கட்டட வேலைகளிலும் இத்தாலியரும் பின்னர் அல்ஜீரியரும் பெருமளவில் உழைத்தனர். அவர்களும் குடிபெயர்ந்தோரே; ஆயின் காட்சியழகை எண்ணி ஊரைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லை. பல வர்க்கத்தினரும் கலந்து வாழவேண்டுமென்ற உயர்ந்த நோக்குடன் 1970களில் வில்நெவ் என்னும் குடியிருப்புத் தொகுதி அமைக்கப்பட்டது. காலப்போக்கில் வசதியுடையோர் பலர் வெளியேற, வறுமையும் வேலையின்மையும் அங்கு திரண்டன. 2010 யூலையில், கொள்ளைச் சந்தேகநபர் ஒருவர் பொலிசாரின் சூட்டுக்கு இலக்கானதைத் தொடர்ந்து அங்கு கலவரம் மூண்டது. மலை எல்லாச் சாளரங்களிலிருந்தும் தெரிகின்றது. அதனை அனுபவிப்பதற்கோ ஓய்வு நேரமும் வாகனமும் உபகரணங்களும் வேண்டும்.

எனவே, ஊரைத் தெரிவுசெய்யும் பொறியியலாளர் சம்பளத்தையும் மலைச்சரிவையும் மட்டும் ஒப்பிட்டு அமைதல் போதாது. அங்கு நீர் யார் கையில் உள்ளது? காற்று எத்தகையது? அவ்வூரைக் கட்டியெழுப்பியோர் இன்று எங்கே வாழ்கின்றனர்? இவற்றையும் அவர் வினாவுதல் வேண்டும். மலையேறும் உரிமையைத் தாம் மட்டும் நுகர்பவர் அவ்வூரின் விருந்தினராகவே இருந்துவிடுகிறார். குழாயில் நீர் வராதபோது அயலவரின் கதவையும் தட்டுபவரே அவ்வூரின் குடிமகனாகிறார். துபெதூவின் வாழ்விலிருந்து நாம் பெறத்தக்க பாடம் இதுவே எனலாம்.